ஜோகன்னஸ்பர்க் குளிரில் இட்லி மாவைப் பொங்க வைத்த துணிப்பை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்து, ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் சமையலறையில் நின்று விறைத்துப்போகிறவர்கள் இந்தப் பையை வாங்கலாம். இது எனக்கு இரண்டாவது குளிர்காலம். வாரத்தில் ஐந்து நாளாவது எடுக்கிறேன், அதனால் நல்லதும் கெட்டதும் நன்றாகத் தெரிந்த பிறகுதான் எழுதுகிறேன்.

பை என்றால் காய்கறி வாங்கப் போகும் பை இல்லை. தடிமனான பருத்தித் துணிக்குள் நுரைப்பஞ்சுத் துண்டுகளை அடைத்துத் தைத்த பெரிய கூடு, மேலே மூட அதே மாதிரி ஒரு மெத்தை, வாயைச் சுருக்க ஒரு நாடா. அடுப்பில் நன்றாகக் கொதிக்கும் பாத்திரத்தை மூடியோடு தூக்கி உள்ளே வைத்து, மெத்தையை மேலே போட்டு நாடாவை இழுத்துக் கட்டிவிட்டால், உள்ளே இருக்கும் சூட்டிலேயே மிச்சம் வெந்துவிடும். கரண்ட் வேண்டாம், கேஸ் வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் இதைப் பிரபலமாக்கியது 2008இல் சாரா காலின்ஸ் தொடங்கிய வொண்டர்பேக். இங்கே மின்வெட்டு பெரிதாகத் தலைகாட்டியதும் அந்த வருடம்தான். வைக்கோல் அடைத்த பெட்டிக்குள் பாத்திரத்தை வைத்துச் சமைப்பது ஐரோப்பாவில் இரண்டு உலகப் போர்க் காலத்திலும் இருந்த பழக்கம். எங்கள் பாட்டி இரவு அடுப்பை அணைத்த பிறகு தணலை ஒதுக்கி அதன்மேல் பால் சட்டியை வைத்துவிட்டுப் படுப்பார், காலையில் பால் இளஞ்சிவப்பாக ஏடு கட்டியிருக்கும். அடுப்பின் மிச்சச் சூட்டை வீணாக்காத அந்தப் புத்திதான் இதுவும். நான் வாங்கியது பிராண்ட் எதுவும் இல்லாதது, சனிக்கிழமைச் சந்தையில் ஒரு அம்மா தானே தைத்து விற்றது, 450 ராண்ட் கொடுத்தேன்.

இந்த ஊர்க் குளிரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் இதற்கு ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்று புரியாது. நமக்குக் குளிர் என்றால் மார்கழி, இங்கே ஆனி ஆடியில்தான் குளிர். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காட்டைவிட மேலே, கொடைக்கானலைவிடக் கீழே. பகலில் வெயில் பளிச்சென்று அடிக்கும், முற்றத்தில் நின்றால் இதமாக இருக்கும், ஆனால் பெரும்பாலான வீடுகளில் வெப்ப வசதி எதுவும் கிடையாது, தரை முழுக்க டைல்ஸ், ஜன்னலுக்கு ஒற்றைக் கண்ணாடி. வெளியிலிருந்து உள்ளே வந்தால் பிரிட்ஜுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். ஐந்தரைக்குள் சூரியன் போய்விடும், அதோடு வெயிலில் சேர்ந்த சூடும் போய்விடும். 2023 ஜூலை 10ஆம் தேதி இந்த ஊரில் பனியே விழுந்தது, 2012க்குப் பிறகு அப்போதுதான். அன்றைக்குப் பெரியவனைக் கம்பளியில் சுற்றி வாசலில் தூக்கி நிறுத்தினேன், மூன்று வயது, கையை நீட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டு "அம்மா, உப்பு" என்றான்.

அதே 2023இல்தான் லோட் ஷெடிங்கும் உச்சத்தில் இருந்தது, அநேகமாக எல்லா நாளும் கரண்ட் போகும். சாயங்காலம் ஆறு மணிக்குப் போனால் எட்டு மணிக்கு வரும், சில நாள் இன்னும் நேரமாகும். இப்போது அந்த அளவுக்கு இல்லை. ஆனால் பை வாங்கும் எண்ணம் வந்தது அந்த இருட்டில், ஒரு கையில் டார்ச்சும் இடுப்பில் கைக்குழந்தையுமாக நின்ற ஒரு மாலையில்தான்.

சரி, சமையலுக்கு வருகிறேன்.

சாம்பாரோ சூப்போ வைப்பதற்கு எல்லாரும் வாங்குகிறார்கள், எனக்கு இந்தப் பை முதலில் உயிர் கொடுத்தது இட்லி மாவுக்கு. தைத்து விற்ற அம்மாவுக்கு இட்லி என்றால் என்னவென்றே தெரியாது. டிசம்பரில் இரவு ஒன்பது மணிக்கு அரைத்து வைத்தால் காலை ஆறு மணிக்குப் பாத்திரம் நிரம்பி வழியும். ஜூன் வந்தால் அதே அரிசி, அதே உளுந்து, அதே நான்குக்கு ஒன்று அளவு, இரண்டு நாள் ஆனாலும் மாவு வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும். மாவு நன்றாகப் புளிக்க 28இலிருந்து 32 டிகிரி வரை வேண்டும், ஜூலை ராத்திரியில் எங்கள் சமையலறை 11 டிகிரி. ஓவனுக்குள் விளக்கைப் போட்டு வைத்துப் பார்த்தேன், கரண்ட் போனால் அதுவும் போய்விடும். ஓவனையே லேசாகச் சூடாக்கி வைத்த ஒரு நாள் பாத்திரத்தின் ஓரமெல்லாம் வெந்து அடைபோல ஒட்டிக்கொண்டது. கம்பளி சுற்றினேன், பலன் இல்லை, குளிர்ந்த மாவைக் கம்பளியால் போர்த்தினால் அது குளிர்ந்தபடியேதான் இருக்கும். இந்தப் பைக்கும் அதே கதைதான் என்பதை மறக்கக் கூடாது. பை சூட்டை உண்டாக்காது, கொடுத்ததைக் காப்பாற்றும், அவ்வளவுதான்.

அதனால் நான் செய்வது இது. உளுந்தையும் அரிசியையும் வெதுவெதுப்பான தண்ணீரிலேயே ஊற வைத்து, அரைக்கும்போதும் வெதுவெதுப்பான தண்ணீரே ஊற்றுகிறேன். உப்புப் போட்டுக் கையால் கரைக்கிறேன். மாவுப் பாத்திரத்தைப் பைக்குள் வைத்து, ஒரு லிட்டர் பாட்டிலில் கை பொறுக்காத சூட்டில் தண்ணீர் நிரப்பி, அதைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் செருகி, மேலே மெத்தையைப் போட்டுக் கட்டிவிடுவேன். படுக்கப் போகும்போது ஒரு தடவை பாட்டில் தண்ணீரை மாற்றுவேன். காலையில் நாடாவை அவிழ்த்து மூடியைத் தூக்கினால் மாவு நடுவில் குடைபோல எழும்பி, மேலே சின்னச் சின்னக் குழிகளோடு நிற்கும், கரண்டியை இறக்கினால் "புஸ்" என்று உள்வாங்கும், அந்தப் புளித்த வாசனை குளிர்ந்த சமையலறையில் கதகதப்பாக முகத்தில் அடிக்கும். முதல் நாள் அதைப் பார்த்தபோது ஆறரை மணி இருட்டில் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன். ஊரில் அப்போது காலை பத்து மணி, அம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இனி பிள்ளைங்களுக்கு ரொட்டியைக் கொடுக்காதடீ" என்றார். ஒரே ஒரு எச்சரிக்கை, பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு ஊற்றாதீர்கள். ஒரு முறை உள்ளேயே பொங்கி வழிந்து துணியில் ஊறி, ஒரு வாரம் வெயிலில் போட்ட பிறகுதான் வாடை போனது.

தயிரும் அப்படித்தான். காய்ச்சிய பாலை விரல் வைத்தால் சூடு தெரிந்து, ஆனால் வைத்திருக்க முடிகிற பதத்துக்கு ஆறவிட்டு, உறை ஊற்றிப் பைக்குள் வைத்தால் ஏழு மணி நேரத்தில் வெட்டி எடுக்கிற மாதிரி உறைகிறது. சின்னவளுக்கு இரண்டு வயது, குளிர்காலத்தில் பிரிட்ஜ் தயிரைக் கொடுக்கப் பயந்துகொண்டு இருந்தேன், இப்போது அன்றன்றைக்கு உறைந்த தயிரைக் குளிர வைக்காமலே சோற்றில் பிசைந்து கொடுக்கிறேன்.

இனி நிஜச் சமையல். இதில் ஒரு விஷயம் நான் தட்டுத்தடுமாறித்தான் கற்றுக்கொண்டேன். டர்பனில் இருப்பவர்கள் சொல்லும் நேரக் கணக்கு ஜோகன்னஸ்பர்கில் செல்லாது. டர்பன் கடலோரம், அங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். இந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், எவ்வளவு தீ வைத்தாலும் மூடி திறந்த பாத்திரத்தில் அதற்குமேல் ஏறாது. அடுப்பில் பருப்பு வேக நேரமாவது இதனால்தான். பைக்குள் போகும்போதே ஆறு டிகிரி குறைவாகப் போகிறது என்றால், அடுப்பில் கூடுதலாக வைத்திருக்க வேண்டும் என்று அர்த்தம். யாராவது "பத்து நிமிடம் கொதிக்க விட்டுப் பைக்குள் வை" என்று சொன்னால் நான் இருபது நிமிடம் விடுகிறேன், கொண்டைக்கடலைக்கு அரை மணி.

அப்புறம் பாத்திரம் நிரம்ப இருக்க வேண்டும். வீட்டில் இறைச்சிக்கு வைத்திருக்கும் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன். ஐந்து லிட்டர் பாத்திரம் முக்கால்வாசிக்குமேல் நிறைந்திருந்தால் ஐந்து மணி நேரம் கழித்தும் 70 டிகிரிக்குமேல் இருந்தது, அதே பாத்திரத்தில் கால்வாசி ரசம் வைத்த நாள் மூன்று மணி நேரத்திலேயே அறுபதுக்கு வந்துவிட்டது. இந்த அறுபதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே இறங்கிய சாப்பாட்டில், முக்கியமாகச் சோற்றிலும் இறைச்சியிலும், கிருமி பெருக ஆரம்பிக்கும், சின்னப் பிள்ளைகள் வயிறு அதைத் தாங்காது. பன்னிரண்டு மணி நேரம் சூடாக இருக்கும் என்று விற்றவர் சொன்னார். தொட்டால் சூடாக இருப்பது வேறு, பிள்ளைக்குப் பயமில்லாமல் கொடுக்கிற சூடு வேறு. நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன், மதியம் பன்னிரண்டரைக்குக் கொதிக்க வைத்துப் பைக்குள் வைத்தால் ஐந்தே முக்காலுக்குத் திறக்கிறேன், ஐந்து மணி நேரம்தான். காலை ஏழு மணிக்குக் கிளம்பி மாலை ஆறுக்கு வருகிறவர்களுக்கு இதை அப்படியே சொல்ல மாட்டேன். அவர்கள் காய்கறி, பருப்பு மட்டும் வைத்து, வந்தவுடன் திரும்பக் கொதிக்க வைத்துச் சாப்பிடுவது நல்லது.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ராஜ்மாவையும், இங்கே எல்லா இந்திய வீட்டிலும் இருக்கும் சுகர் பீன்ஸ் என்ற காய்ந்த பயறையும் பச்சையாக இந்தப் பையை நம்பி வைக்காதீர்கள். இந்த வகைப் பயறில் லெக்டின் என்று ஒரு நச்சு இருக்கிறது, ராஜ்மாவில் அதிகம், நன்றாகக் கொதித்தால்தான் அழியும். 80 டிகிரிச் சூட்டில் பயறு மெத்தென்று வெந்த மாதிரி ஆகிவிடும், நச்சு அப்படியே நிற்கும், சாப்பிட்டவர்களுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். நான் இரவு ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் விசில் விட்டு முழுதாக வேக வைத்த பிறகுதான் மசாலா சேர்த்துப் பைக்குள் ஊறப் போடுகிறேன். குக்கரைத் தூக்கிப் போட்டுவிட்டு இந்தப் பையை வாங்க முடியாது, இரண்டும் வேண்டும்.

இதில் பிரமாதமாக வருவது சாம்ப். இடித்த வெள்ளை மக்காச்சோளம், இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும், பீன்ஸோடு சேர்த்து வேக வைப்பது இந்த ஊர் மக்களின் வீட்டுச் சாப்பாடு. அடுப்பில் வைத்தால் இரண்டு மூன்று மணி நேரம் கிண்டிக்கொண்டே நிற்க வேண்டும். எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் பக்கத்து வீட்டு ஆன்ட்டி. டர்பனில் இந்தியர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வர்த்தில் பிறந்தவர், அவருடைய முன்னோர் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்தவர்கள், தமிழ் கொஞ்சம்தான் வரும், ஆனால் "நல்லா கொதி வரணும் மா, அப்பறம் தொறக்காதே" என்று தெளிவாகச் சொன்னார். இரவு முழுக்க ஊறிய சாம்பை அரை மணி கொதிக்க விட்டுப் பைக்குள் வைத்தால், நாலு மணி நேரத்தில் ஒவ்வொரு பருக்கையும் உப்பி, நசுக்கினால் வெண்ணெய் மாதிரி மசிகிறது. நான் அதில் கொஞ்சம் பாசிப்பருப்பையும் சேர்த்துப் போட்டு, எடுத்த பிறகு மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலையை நெய்யில் தாளித்துக் கொட்டுகிறேன். வெண்பொங்கலும் சோளச்சோறும் கலந்த மாதிரி ஒரு ருசி. என் வீட்டுக்காரர் கோவில்பட்டிப் பக்கம், முதல் வாய் வைத்ததும் "எங்க அப்பத்தா சோறு" என்றார். பெரியவன் அதை "குண்டுப் பொங்கல்" என்கிறான், பள்ளி டப்பாவில் வைத்துக் கேட்கிறான்.

ஆன்ட்டி வீட்டில் ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் வைப்பார்கள், இங்கே போரிட்ஜ் பிரேயர் என்பார்கள், கோயில்களிலும் பெரிய அண்டாவில் நடக்கும். நம் ஊரில் ஆடிக்கூழ் வெயிலுக்குக் குளிர்ச்சி. இங்கே ஆடி நடுக்கும் குளிர், சுடச்சுடக் கூழை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடிப்பதே ஒரு சுகம். போன வருடம் மக்காச்சோள மாவில் கூழ் காய்ச்சி இந்தப் பையில் வைத்துக் கொடுத்தனுப்பினேன், பூஜை முடிந்து கடைசியாக வந்தவர்களுக்கும் ஆவி பறக்க ஊற்றினார்கள்.

கறிக்குழம்பும் நன்றாகவே வருகிறது, எலும்போடு இருக்கும் ஆட்டுக்கறியை வதக்கிக் கொதிக்க விட்டு வைத்தால் கறி பஞ்சாகிவிடும். குழம்புக்கு அப்-டு-டேட் என்ற வகை உருளைக்கிழங்குதான் போட வேண்டும் என்று டர்பன்காரர்கள் சத்தியம் செய்வார்கள், அது உண்மை, ருசியை உறிஞ்சிக்கொண்டு உடையாமல் நிற்கிறது. ஆனால் ஒன்று, பைக்குள் தண்ணீர் வற்றாது, ஆவி வெளியே போகவே வழியில்லை. வத்தக்குழம்பு, புளிக்குழம்பு மாதிரி சுண்ட வேண்டிய எதுவும் இதில் தேறாது. கறிக்குழம்புக்குக்கூடத் தண்ணீரைக் குறைத்து ஊற்றி, எடுத்த பிறகு அடுப்பில் ஐந்து நிமிடம் சுண்ட விடுகிறேன். பெருங்காயம், கொத்தமல்லி எல்லாம் கடைசியில்தான், முன்பே போட்டால் வாசனை செத்துவிடுகிறது.

இப்போது பையின் குறைகள். எனக்குக் கிடைத்த பையில் அடித்தையல் மூன்றாவது மாதமே பிரிந்து நுரைத்துண்டுகள் வெளியே வந்தன, சின்னவள் ஒரு துண்டை வாயில் வைத்திருந்ததைத் தற்செயலாகப் பார்த்தேன். கையெல்லாம் நடுங்கிவிட்டது. குழந்தைத் தொண்டையில் அடைக்கிற அளவுதான் ஒவ்வொரு துண்டும். சந்தைக்குத் திரும்பக் கொண்டுபோய்ச் சொன்னேன், அந்த அம்மா மறுபேச்சு இல்லாமல் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார், அதற்குப் பிறகு பிரியவில்லை. ஆனாலும் வாங்கும்போதே தையலை இழுத்துப் பாருங்கள், உள்ளே நுரைக்குத் தனியாக இன்னொரு துணி உறை இருக்கிறதா என்று கேளுங்கள். தனி உறை இருந்தால் வெளித்துணியைக் கழற்றித் துவைக்கலாம், என்னுடையதில் இல்லை, சாம்பார் வாசனை ஊறிவிட்டது. அதனால் பாத்திரத்தை ஒரு பழைய துண்டில் சுற்றித்தான் இப்போது உள்ளே வைக்கிறேன், சிந்தினாலும் ஆவி பட்டாலும் துண்டோடு போகும்.

நீளக் கைப்பிடி உள்ள பாத்திரம் சரிப்படாது, கைப்பிடி நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் வாய் மூடாமல் சூடு போய்விடும். அடிகனமான, இரண்டு பக்கமும் சின்னக் காது வைத்த பாத்திரம் நல்லது. பை சூடான அடுப்புக்குப் பக்கத்தில்கூட இருக்கக் கூடாது, துணியும் நுரையும் தீப்பிடிக்கும். வெளியே தொட்டுப் பார்த்தால் பை லேசான கதகதப்போடுதான் இருக்கும், பிள்ளைகள் தலையணை என்று நினைத்துச் சாய்ந்துகொள்கிறார்கள், உள்ளே இருப்பது கொதித்த குழம்பு என்பது அவர்களுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அது சமையல் மேடையில் சுவரோரம்தான் இருக்கும், தரையில் வைப்பதே இல்லை.

எனக்கு இதில் பெரிய விஷயம் மாலை நேரம்தான். முன்பெல்லாம் பிள்ளைகளை ஐந்தரைக்குக் கூட்டிவந்து, அவர்கள் பசியில் காலைக் கட்டிக்கொண்டு அழ, நான் அடுப்புப் பக்கம் வராதே வராதே என்று கத்திக்கொண்டே வெங்காயம் நறுக்குவேன். குளிரில் அவர்கள் விரல் சிவந்திருக்கும், மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும், எனக்கு ஒரு நிமிடம் உட்கார நேரம் இருக்காது. இப்போது வந்து, கை கால் கழுவி, மூன்று பேரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மேசையில் உட்கார்ந்த பிறகுதான் நாடாவை அவிழ்க்கிறோம். அவிழ்ப்பது பெரியவன் வேலை, மூடியைத் திறப்பது என் வேலை. ஆவி அவன் கண்ணாடியில் படிந்து வெள்ளையாகும், துடைக்காமல் அப்படியே உட்கார்ந்திருப்பான்.

டர்பனில் இருப்பவர்களுக்கு மாவுக்காக இது தேவைப்படாது, அங்கே ஜூலையிலும் மாவு எப்படியோ புளித்துவிடும். ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா, புளூம்பொன்டெய்ன் பக்கம் இருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். நான்கு பேர் குடும்பத்துக்கு ஐந்து லிட்டர் பாத்திரம் கொள்கிற அளவு போதும், அதைவிடப் பெரியது வாங்கினால் தினமும் நிரப்ப முடியாது, நிரப்பாவிட்டால் சூடு நிற்காது. நான் அதே அம்மாவிடம் தயிருக்கென்று இரண்டு லிட்டரில் ஒரு சின்னப் பை சொல்லியிருக்கிறேன், உள் உறையோடு, இரட்டைத் தையல் போட்டு. அடுத்த சனிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்.